ஆர்எக்ஸ் 100: 2டி பம்ப்பைக் கழற்றாமல் விட்ட கதை

சித்தப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் போன வருடம் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது. 1994 மாடல். 2001இல் சுரங்கத்தை மூடும்வரை அவர் ஷிஃப்டுக்குப் போனது அதில்தான். அதற்கப்புறம் வண்டி ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். "ஷெட்டுல கிடந்து துருப்பிடிக்கிறதுக்கு நீ ஓட்டுடா" என்று சாவியைக் கொடுத்தார். ஓட்டத் தெரியும், கழற்றி மாட்டத்தான் வண்டி வந்த பிறகு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வந்த நாளிலிருந்தே புகை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு 2டி ஆயில் என்ற எண்ணெயும் சேர்ந்து எரியும்; இந்த வண்டியில் அதைத் தனி டேங்கிலிருந்து ஒரு சின்ன பம்ப் ஊற்றும். அதனால் காலையில் கொஞ்சம் புகையத்தான் செய்யும், அது தெரியும். இது அப்படியில்லை. பத்துக் கிலோமீட்டர் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சிக்னலில் நின்றால் பின்னால் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவது மாடி அக்கா மொட்டை மாடித் துணியை எடுத்த பிறகுதான் நான் கிக் அடிக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டமே வந்துவிட்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தார், கறுப்பு எண்ணெய். "பம்ப் ஜாஸ்தி ஊத்துது சார்" என்று வலது பக்கப் பம்ப் மூடியைத் திறந்து கேபிளைத் தளர்த்திவிட்டார். ஐந்து நிமிட வேலை. புகை குறையவில்லை. திரும்பப் போனபோது அடுத்த வைத்தியம் சொன்னார்: "பம்ப்பையே கழட்டி ஓரமா வச்சிடுங்க. ஆயிலைப் பெட்ரோல்ல கலந்து ஊத்துங்க. பெங்களூர்ல பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க."

பாதிப் பேர் அப்படி ஓட்டுவது உண்மைதான். அதனால் வண்டி கெடுவதும் இல்லை, சரியாகக் கலந்தால். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் நந்தி மலை இறக்கம்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டான கிராங்கின் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எண்ணெய் போவது பெட்ரோல் போகும் அதே வழியில்தான். பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து வைத்தால், பெட்ரோல் போனால்தான் எண்ணெய் போகும். மலையிலிருந்து ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, பெட்ரோலோ சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. எண்ணெய் அதிகம் வேண்டிய நேரத்தில் எண்ணெய் இல்லை. அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்குவார்கள். தனிப் பம்ப் வைத்த வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. பம்ப்பை எஞ்சினே பல்சக்கரம் வழியாகச் சுழற்றுகிறது. எஞ்சின் வேகம் கூடினால் பம்ப்பும் வேகமாக அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு எண்ணெய் என்பதை ஆக்சிலேட்டரிலிருந்து பிரிந்து வரும் இன்னொரு கேபிள் முடிவு செய்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடினாலும் ஒரு குறைந்தபட்ச அடி இருந்துகொண்டே இருக்கும். யமஹா 1964இல் ஒய்ஏ 6 என்ற வண்டியில் ஆட்டோலூப் என்று பெயர் வைத்து இதைக் கொண்டுவந்தது. சுசுகிக்காரர்கள் தங்களுடையதை சிசிஐ என்பார்கள். இவ்வளவு யோசித்துச் செய்த சாமானைக் கழற்றி டப்பாவில் போட எனக்கு இஷ்டமில்லை.

இஷ்டமில்லை என்று வீறாப்பாக இருந்தேனே தவிர, உருப்படியாக எதையும் பார்க்கவில்லை. புகை வந்தால் வரட்டும், எண்ணெய் தாராளமாகப் போகிறது, எஞ்சினுக்கு நல்லதுதானே என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலை போய்த் திரும்பும்போது, தேவனஹள்ளி தாண்டி 80இல் வரும்போது எஞ்சின் சத்தம் மாறியது. யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்து இழுப்பது மாதிரி. கை தானாகக் கிளட்சைப் பிடித்தது. ஓரமாக உருட்டி நிறுத்தி, இருபது நிமிடம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்த்தேன். சுற்றியது. பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடிக்கப் பார்த்து விட்டிருக்கிறது, அவ்வளவுதான். சைடு பெட்டியில் இருந்த 2டி ஆயில் பாட்டிலைப் பெட்ரோல் டேங்கிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டு 40ஐத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

இவ்வளவு புகைகிற வண்டி எண்ணெய் இல்லாமல் எப்படிப் பிடிக்கும்? அன்று ராத்திரி இந்த ஒரு கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

சரி, அளந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன், ஊசி இல்லாமல். கார் ஷெட்டில் ஒரே இடத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, 2டி டேங்கைக் கழுத்து விளிம்புவரை நிரப்பினேன். ஓட்ட வேண்டியதை ஓட்டிவிட்டு, அதே இடத்தில் நிறுத்தி, அதே விளிம்புவரை சிரிஞ்சால் ஊற்றினால் எத்தனை மில்லி பிடிக்கிறதோ அதுதான் பம்ப் கொடுத்தது. இதில் ஒரு ஜாக்கிரதை: பம்ப்பை நம்ப முடியாது என்பதால் அந்தச் சோதனை முழுக்கப் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி கலந்துதான் ஓட்டினேன். புகை இன்னும் கூடியது. மாடி அக்காவிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

300 கிலோமீட்டர், 8 லிட்டர் பெட்ரோல். டேங்க் குடித்த 2டி ஆயில் 60 மில்லி.

கணக்குப் போட்டால் 133 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். ஊருக்குள் நிதானமாக ஓட்டும் வண்டிக்கு ஏறக்குறைய 40க்கு ஒன்று என்ற அளவில் வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அப்படியானால் பம்ப் அதிகமாக ஊற்றவில்லை, பட்டினி போட்டிருக்கிறது. அப்புறம் அந்தப் புகை எங்கிருந்து?

விடை சொன்னவர் சிவாஜி நகரில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நான் போய் பம்ப், கேபிள், 133 என்று பாடமே நடத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கியர் ஆயில் எவ்வளவு இருக்கு?" என்றார். கியருக்கும் கிளட்சுக்கும் ஊற்றும் எண்ணெய் அது, 2டி ஆயில் வேறு.

"மூணு மாசம் முன்னாடி மாத்தினேன் பாய். 600 மில்லி."

"அப்போ ஊத்தினது 600. இப்போ எவ்வளவு இருக்கு?"

வீட்டுக்கு வந்து வண்டியைச் சூடாக்கி, கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றி, கியர் ஆயிலை அளவு ஜாடியில் வடித்தேன். அரை மணி நேரம் சொட்ட விட்டும் 380 மில்லிதான். கீழே எங்கும் கசிவு கிடையாது. 220 மில்லி கியர் ஆயில் தரையில் விழாமல் காணாமல் போயிருக்கிறது என்றால் அது போக ஒரே இடம்தான் உண்டு.

கிராங்கின் வலது பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஆயில் சீல், ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் கிளட்சும் கியர் ஆயிலும்; இந்தப் பக்கம் கிராங்க் அறை. பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் கிராங்க் அறையில் உறிஞ்சும் விசை உண்டாகும், பெட்ரோல் உள்ளே வருவதே அதனால்தான். சீலின் ரப்பர் உதடு காய்ந்து கெட்டியாகிப் போனால் பெட்ரோலோடு கியர் ஆயிலையும் சேர்த்து உறிஞ்சும். அது எரிந்தால் வருவதுதான் நான் பார்த்த புகை. வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிக்கு ரப்பர் காய்வது அதிசயமில்லை. பிளக்கும் கறுப்பாக, ஈரமாகவே இருந்ததால் என்னையும் ஏமாற்றியது, மெக்கானிக்கையும் ஏமாற்றியது. புகையைக் குறைக்கிறேன் என்று அவர் நல்ல எண்ணெயைக் குறைத்துவிட்டார். எரிந்ததோ வேறு எண்ணெய்.

சீல் மாற்றும் வேலையை நான் தொடவில்லை. அதற்கு வலது மூடி, கிளட்ச், பிரைமரி கியர் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும், இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி வேண்டும். பாயிடமே விட்டேன். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் சீலை வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை விரலால் வளைத்துப் பார்த்து, வேறு கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்.

பம்ப் வேலை என்னுடையது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அதற்குப் போனது.

முதலில் திறக்காமலேயே பம்ப் மூடியைச் சுற்றி மண்ணெண்ணெயும் பல் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். பம்ப்புக்குள் இருப்பது முடியளவு இடைவெளியில் ஓடும் சின்னப் பிளஞ்சர். ஒரு மணல் துணுக்கு உள்ளே போனால் கீறல் விழும், அப்புறம் அது பம்ப் இல்லை. அடுத்து மூடி ஸ்குரூ. பழைய ஜப்பான் டிசைன் ஸ்குரூக்களின் பிளஸ் தலை, நம் வழக்கமான பிளஸ் ஸ்குரூடிரைவரின் முனைக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் நழுவித் தலையை மொழுக்கென்று ஆக்கிவிடும். எனக்கு முன்னால் யாரோ ஏற்கெனவே மூன்றில் ஒன்றை மொழுக்கிவிட்டிருந்தார்கள். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைக் கீழ்வீட்டு ஏசி மெக்கானிக்கிடம் இரவல் வாங்கித்தான் அதை எடுத்தேன். திரும்ப மாட்டும்போது மூன்றுக்கும் ஆலன் ஸ்குரூ போட்டுவிட்டேன்.

திறந்ததும் பம்ப்பைவிட முதலில் கண்ணில் பட்டது டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாய். அது ஒரிஜினல் இல்லை. யாரோ மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் கிடக்க வேண்டிய குழாய் எஞ்சின் சூட்டில் கிடந்து மஞ்சளாகி, கண்ணாடி வளையல் மாதிரி ஆகியிருந்தது. பிடிப்பு இல்லாததால் கிளிப்புக்குப் பதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. விரலால் தொட்டதும் முனை சுழன்றது. சுழலும் இடத்தில் பம்ப் எண்ணெயை இழுக்கும்போது காற்றையும் இழுக்கும். காற்றெடுக்கும் ஸ்குரூவைப் பார்த்தால் அதன் அடியில் இருக்க வேண்டிய ஃபைபர் வாசர் பாதிதான் இருந்தது. அங்கேயும் ஈரம். பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் பக்கம் போகும் மெல்லிய குழாயை டார்ச் அடித்துப் பார்த்தேன்: எண்ணெய், குமிழி, எண்ணெய், நீளமாக ஒரு குமிழி. நம் ஊர்க் கிணற்றுப் பம்ப்செட்டில் ஏர் பிடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பம்ப் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அடிப்பது பாதிக் காற்றை.

பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் ரப்பர் ஹோஸ் அரை மீட்டர், ஸ்பிரிங் கிளிப் இரண்டு, ஃபைபர் வாசர் மூன்று வாங்கினேன். வாசர் ஒன்று போதும், ஆனால் என் கையைப் பற்றி எனக்குத் தெரியும். 2டி டேங்கைக் கழற்றிக் கவிழ்த்ததில் அடியில் வெவ்வேறு எண்ணெய்கள் கலந்து ஜெல்லி மாதிரி உறைந்தது ஒரு ஸ்பூன் அளவு வந்தது. மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் ஒரு நாள் காய வைத்தேன். டேங்குக்குக் காற்று போகும் துளையையும் ஊதிப் பார்த்தேன், அது அடைத்தாலும் எண்ணெய் இறங்காது. அது நன்றாகவே இருந்தது.

அடுத்ததுதான் சுவாரசியமான பகுதி. பம்ப் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது. ஆக்சிலேட்டரை மூடிய நிலையில் பம்ப்பின் முகப்பில் இருக்கும் சின்னத் தகடு உள்ளேயும் வெளியேயும் நிதானமாக அசையும். அது முழுக்க வெளியே வந்த இடத்தில் நிறுத்தி, தகட்டுக்கும் கப்பிக்கும் இடையே, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். அதுதான் குறைந்தபட்ச அடி. யமஹாவின் பழைய பம்ப்புகள் பலவற்றுக்கு இது 0.20 முதல் 0.25 மில்லிமீட்டர். குறைவாக இருந்தால் தகட்டுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்று சேர்த்தால் கூடும். நான் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். தகடு வெளியே வந்தது. 0.20 சுலபமாக நுழைந்தது. 0.25 நுழையவில்லை. முப்பது வருடப் பம்ப்! கழற்றி வீசச் சொன்ன பம்ப்! எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

கேபிள் சரிசெய்ய இரண்டாவது ஆள் வேண்டும். மகளைக் கூப்பிட்டேன். ஆறாம் வகுப்பு, விடுமுறை, போனைப் பிடுங்கிய கோபத்தில் இருந்தாள். ஆக்சிலேட்டர் கேபிள் பெட்ரோல் டேங்குக்கு அடியில் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று கார்புரேட்டருக்கு, ஒன்று பம்ப்புக்கு. முதலில் கார்புரேட்டர் பக்கத்தைச் சரியாக வைத்துவிட்டுத்தான் பம்ப் பக்கம் வர வேண்டும், வரிசை மாறினால் இரண்டும் கெடும். பம்ப் கப்பியில் ஒரு கோடு, பம்ப் உடம்பில் ஒரு ஊசி. கேபிளின் தொய்வு முழுக்கப் போய், ஆக்சிலேட்டர் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடைத் தூக்கத் தொடங்கும் அந்த நொடியில் கோடும் ஊசியும் நேராக நிற்க வேண்டும். இது யமஹா வழக்கம். சுசுகி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்துவிடாதீர்கள்: அங்கே கார்புரேட்டர் ஸ்லைடில் இருக்கும் குழி அடையாளம் மேல் விளிம்புக்கு வரும்போதுதான் பம்ப் குறியைப் பார்க்க வேண்டும். எந்த வண்டியோ அதன் சர்வீஸ் புத்தகம்தான் பேச வேண்டும்.

"மெதுவா திருப்பும்மா... மெதுவா... நிறுத்து."

"நிறுத்திட்டேன். இப்படியே எவ்வளவு நேரம் பிடிக்கணும்?"

கோடு ஊசிக்கு அந்தப் பக்கம் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்த ஐந்து நிமிட வேலை செய்த காரியம். அட்ஜஸ்டரைத் திருகித் திருகி நேராக்கினேன். மூன்று தடவை அவளைத் திருப்பச் சொல்லி உறுதிசெய்துகொண்டேன். நான்காவது தடவைக்கு அவள் கூலி கேட்டாள்.

கடைசியாகக் காற்றெடுப்பது. 2டி டேங்கை நிரப்பி, பம்ப்பின் காற்றெடுக்கும் ஸ்குரூவைக் கழற்றினால் முதலில் நுரையாகவும் பிறகு குமிழியாகவும் எண்ணெய் வழியும். குமிழி நின்று, தேன் மாதிரி ஒரே சீராக வந்ததும் புது வாசரோடு மூட வேண்டும். கீழே பழைய செய்தித்தாள் போதாது, அட்டைப்பெட்டி போடுங்கள். இதோடு பலபேர் நிறுத்திவிடுகிறார்கள். பம்ப்பில் காற்றுப் போய்விட்டது, சரி. பம்ப்புக்கு அப்புறம் கார்புரேட்டர் பக்கம் போகும் மெல்லிய குழாய் முழுக்க இன்னும் காற்றுதான். அது நிரம்பும்வரை எஞ்சினுக்குப் பம்ப்பிலிருந்து ஒரு சொட்டும் போகாது. அதனால் பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி கலந்து ஊற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டு, பம்ப் கப்பியை மட்டும் விரலால் முழுக்க இழுத்துப் பிடித்தேன். குழாயில் குமிழிகள் ஒவ்வொன்றாக எறும்பு மாதிரி நகர்ந்தன. மூன்று நிமிடம் ஆனது கடைசிக் குமிழி போக. அதற்குள் கார் ஷெட்டில் கொசு ஒன்றுகூட இல்லை, நாங்களும் வெளியே வந்துவிட்டோம்.

பெட்ரோலில் கலந்ததை உடனே நிறுத்தவில்லை. அந்த டேங்க் தீரும்வரை ஓட்டி, 2டி டேங்க் மட்டம் நிஜமாகவே இறங்குகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வெறும் பெட்ரோல் போட்டேன்.

அப்புறம் மறுபடியும் சிரிஞ்ச். 312 கிலோமீட்டர், 8 லிட்டர் பெட்ரோல், 210 மில்லி 2டி ஆயில். 38க்கு ஒன்று. பம்ப் முன்பைவிட மூன்றரை மடங்கு எண்ணெய் ஊற்றுகிறது, புகை காலை முதல் கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. கியர் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வடித்து அளந்தேன்: 600இல் 590 வந்தது. மீதி ஜாடியிலும் புனலிலும் ஒட்டியிருக்கும்.

போன வாரம் பக்கத்து மெக்கானிக் கடை வழியாகப் போனபோது அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "பாருங்க சார், புகையே இல்ல. நான் சொன்னேன்ல, பம்ப்பைக் கழட்டிட்டீங்களா?" பக்கவாட்டு மூடியைத் திறந்து 2டி டேங்கைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கியர் ஆயில் கதையைச் சொன்னதும், அவர் கடையில் நின்ற இன்னொரு ஆர்எக்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பம்ப் தண்டு எஞ்சினுக்குள் நுழையும் இடத்தில் ராத்திரிக்கு ஒரு சொட்டு கசிகிறது. அட்டையில் தினமும் ஒரு வட்டம். அங்கே ஒரு சின்ன சீல் இருக்கிறது, அன்றைக்கே மாற்றியிருக்கலாம், கவனிக்கவில்லை. ஜே.சி. ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வாங்கியதும் மாட்டப் போவதில்லை. முதலில் பாயிடம் காட்டி வளைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.